இருபத்தொன்றை விட்டுவிட்டார்

அம்மாவின் வேதாகமம் பெரிய எழுத்துப் பதிப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டும், வரிக்கு வரி விரலை ஓட்டித்தான் வாசிப்பார். அன்றைக்குக் குடும்ப ஞாயிறு. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில்தான் எங்கள் சபை. ரயில் போகும்போது பிரசங்கியார் அரை நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்வது அங்கே வழமை. அன்றைக்கும் ரயில் போய் முடிந்த பிறகுதான் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார்.

"மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று தொடங்கினார். அம்மாவின் விரல் நகரவில்லை. முழங்கையால் என்னை இடித்தார்.

"இருபத்தொண்டை விட்டிட்டார்."

குனிந்து பார்த்தேன். விரல் நின்ற இடத்தில் 21ஆம் வசனம். "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." பிரசங்கியார் 22இல் தொடங்கியிருந்தார். அடுத்த நாற்பது நிமிடமும் அந்த ஒற்றை வரி இல்லாத குடும்பத்தைத்தான் கட்டினார். கணவன் தலை, மனைவி சரீரம், தலை இரண்டானால் அது பாம்பு. நல்ல பேச்சாளர்தான். பாம்புக்குச் சபை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அன்றிலிருந்து அந்த விட்டுப்போன வரி மண்டைக்குள் நின்றுவிட்டது. தேடி வாசித்தேன். கிடைத்ததில் ஒரு விஷயம் மிகவும் பிடித்தது. எபேசியருக்குப் பவுல் எழுதின கடிதத்தின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில், கி.பி. 200ஐ ஒட்டிய ஒரு பப்பிரசுப் பிரதியிலும் நாலாம் நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியிலும், 22ஆம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினைச்சொல்லே இல்லை. "மனைவிகள் தங்கள் சொந்தப் புருஷருக்கு, கர்த்தருக்குப்போல" என்பதோடு சரி. வினையை 21இலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். பின்னால் வந்த பிரதிகளில் வினை சேர்ந்துகொண்டது. நம் பழைய மொழிபெயர்ப்புக்கு ஆதாரமாக இருந்த கிரேக்கப் பாடத்திலும் அது இருந்தது. ஆக, "ஒருவருக்கொருவர்" என்பதை வெட்டிவிட்டு "மனைவிகளே" என்று தொடங்கினால், பழைய பிரதிகளின்படி பவுல் ஒரு வாக்கியத்தின் நடுவில் வாயைத் திறந்தது போலாகிவிடும்.

இதைக் கீழ் மாடியில் இருக்கிற கத்தோலிக்க அன்ரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவர்களுடைய ஞாயிறு வாசக ஒழுங்கில் இந்தப் பகுதி மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் மாதத்தில் வரும். சில நாடுகளின் வாசகப் புத்தகங்களில் நீண்ட வாசகம் ஒன்று, குறுகிய வாசகம் ஒன்று, எதையும் வாசிக்கலாம். குறுகியதில் 21உம் இல்லை, 22உம் இல்லை. 2ஆம் வசனத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, நேரே "கணவர்களே, மனைவியரிடம் அன்பு செலுத்துங்கள்" என்கிற 25க்குத் தாவிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் ஆண்களுக்குச் சங்கடம் தருவதை விடுகிறார்கள், அவர்கள் பக்கத்தில் பெண்களுக்குச் சங்கடம் தருவதை விடலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரே பகுதிக்கு இரண்டு கத்தரிக்கோல்.

அன்றைய மதியத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் அப்பாவின் சமையல். 1990இல் ஜேர்மனிக்குப் போனவர், இருபத்திநாலு வருடம் ஓர் உணவகக் குசினியில் நின்றவர். முதலில் கோப்பை கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார், கடைசியில் அடுப்புக்கு ஏறினார். 2014இல் திரும்பி வந்தபோது கொண்டுவந்த சூட்கேஸில் சாக்லேட்டைவிடக் கத்திகள்தான் கூட. கணவாயைத் துப்புரவாக்கும்போது அவர் கையைப் பார்க்க வேண்டும். ஓர் இழுப்பில் மையுறை உடையாமல் வரும். அன்றைக்கும் அப்படி இழுத்துக்கொண்டே சொன்னார்:

"பிரசங்கம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் தலை, தலை எண்டு அவர் சொல்லேக்க எல்லாம் நான் கொம்மாவைத்தான் பாத்தனான்."

அம்மா மேசையில் இருந்து மின்சாரக் கட்டணப் பட்டியலையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தேங்காய்ப்பால் கூடிப்போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

எங்கள் சனத்துக்கு இந்தத் 'தலை' என்கிற சொல்லில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சபைக்குள் ஆண்தான் தலை. சபைக்கு வெளியே, பிரதேச செயலகத்திலும் தொண்டு நிறுவனப் படிவங்களிலும், போருக்குப் பிறகு அதிகம் அடிபட்ட சொல் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்'. நாடு முழுவதற்குமே குடும்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று அப்படி. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் காணாமல் போனவனும் செத்தவனும் கப்பல் ஏறினவனும் இருக்கிறார்கள். எங்கள் வீடு புள்ளிவிவரத்தில் ஏறியதோ தெரியாது. ஆனால் 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுவதும் எழும்பியபோது இரண்டு பிள்ளைகளையும் ஒரு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனவர் அம்மா. பிறகு கொழும்பில் லொட்ஜ் அறை பிடித்தவர், பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்றவர், சீட்டுப் பிடித்து எங்கள் பள்ளிக்கூடக் காசு கட்டினவர் எல்லாம் அம்மா. அப்பா மாதாமாதம் காசு அனுப்பினார், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அதையும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசும்போது முடிவாக அம்மா, "நீங்கள் சொல்லுங்கோ, அப்பிடியே செய்யிறன்" என்பார். அப்பா, "உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும்" என்பார். வாராவாரம் இந்த இரண்டு வரியும் மாறியதில்லை. 21ஆம் வசனத்தை இதைவிட நேராக நான் கேட்டதில்லை.

2003இல் வீடு வாங்க முற்பணம் தேவைப்பட்டது. ஏ9 பாதை திறந்து ஒரு வருடம், ஊரில் காணிகளுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி நாலு பரப்பு. அவருடைய அம்மாவுக்கும் அது சீதனமாக வந்ததுதான். புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குப் பின்பக்கம், காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் அறைக்குப் போனோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு. அறை முழுவதும் சிவப்பு நாடா கட்டின கோப்புகள். அம்மா தோல்பையிலிருந்து உறுதியை எடுத்து மேசையில் வைத்தார். நொத்தாரிசு அதை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், "தங்கச்சி, அவரின்ர ஒப்பம் வேணும்" என்றார்.

"இது என்ர காணி" என்றார் அம்மா.

"காணி உங்கடதுதான். விற்கிறதுக்கு அவரின்ர சம்மதம் வேணும். தேசவழமை."

தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிவைத்தது. முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணமான பிறகு தேடியது) என்று சொத்தை மூன்றாகப் பிரிக்கும் அழகு அதில் இருக்கிறது. இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் யாழ்ப்பாணத்தாருக்கு அது பொருந்தும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மனைவியின் சொத்து மனைவிக்கே என்று ஒத்துக்கொள்கிறது. அசையும் சொத்தை அவள் விரும்பியபடி விற்கலாம். அசையாச் சொத்தை விற்கவோ கொடுக்கவோ வேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆனால் மரணசாசனத்தில் யாருக்கும் எழுதிவைக்கலாம், அதற்குச் சம்மதம் தேவையில்லை. அதாவது செத்தால் காணி முழுதாக அவளுடையது. கணவன் விட்டுவிட்டுப் போயிருந்தாலோ வீணாக மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்பா விட்டுவிட்டும் போகவில்லை, மறுக்கவும் இல்லை. தூரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

கடைசியில் அப்பா அங்கிருந்து, தனக்குப் பதிலாக ஒப்பம் வைக்க அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். யாருக்கு? அம்மாவின் தம்பிக்கு. என் சின்ன மாமா அம்மாவைவிடப் பதினாலு வயது இளையவர். அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, அம்மாதான் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினவர். அந்த மாமா, அத்தான் சார்பில், அக்காவுக்குச் சம்மதம் கொடுத்து ஒப்பம் வைத்தார். பேனையை மூடும்போது மாமாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்த வருட அன்னையர் ஞாயிறில் வேதபாடம் வாசிக்க அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். நீதிமொழிகள் 31, வேறு என்ன. "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" அம்மா ஒழுங்காக வாசித்துக்கொண்டே போனார். 16ஆம் வசனம் வந்தது. "ஒரு வயலை விசாரித்து அதை வாங்குகிறாள்." அங்கே ஒரு கணம் நின்றார். இருமல் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

இதைச் சொன்னால், பார்த்தீர்களா, நம் பழைய வழக்கம் பெண்ணை அடக்கியது, வேதம் விடுவித்தது என்று ஒரு கதையாக்கிவிடுவார்கள். அப்படியும் சொல்ல வராது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியபோது, தாய்வழியாகச் சீதனக் காணி வைத்திருந்த பெண்கள் இங்கே இருந்தார்கள். வந்திறங்கிய மிஷனரிமாரின் மனைவிமாருக்கோ சொந்த நாட்டுச் சட்டத்தில் சொத்து கணவனின் கைக்குள்தான். இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தில் முழு உரிமை வந்ததே 1882இல். உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று, வட்டுக்கோட்டையில் படித்த கிறிஸ்தவப் பையன்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவிமாரை ஆயத்தப்படுத்துவது. 'ஏற்ற துணை' தயாரிக்கத் தொடங்கின இடம். அங்கிருந்து ஆசிரியைகள் வந்தார்கள், அவர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். என் பாட்டி அதில் ஒருவர். நோக்கம் ஒன்று, விளைந்தது வேறு.

அந்தத் 'துணை' என்கிற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆதியாகமம் 2:18இல் "ஏற்ற துணையை அவனுக்கு உண்டாக்குவேன்" என்று வருகிற இடத்தில் எபிரெய மூலத்தில் இருக்கிற சொல் 'ஏசெர்'. அதே சொல்தான், அம்மா ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சொல்லுகிற 121ஆம் சங்கீதத்தில் வருகிறது: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." அங்கே ஒத்தாசை செய்கிறவர் வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தர். கர்த்தரை யாரும் 'உதவியாளர்' என்று கூப்பிட்டு, தேநீர் ஊற்றச் சொல்வதில்லை. துணை என்றாலே ஒரு படி கீழே என்று நாங்கள் படித்தது வேதத்திலிருந்து இல்லை, எங்கள் வீட்டு மேசையிலிருந்து.

மறுபக்கத்தில் நிற்பவர்களையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு. இந்த ஒழுங்கு ஆதாமின் பாவத்துக்கு முந்தியே படைப்பில் இருக்கிறது. திருமணம் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவின் படம், ஆகவே இதில் இடம் மாற்றிக்கொள்ள ஏலாது என்பது அவர்கள் வாதம். 1987இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட டான்வர்ஸ் அறிக்கை இதைத்தான் வரிசைப்படுத்தியது. இப்போது எங்கள் வாலிபர் கூட்டத்துப் பையன்கள் கைபேசியில் கேட்கிற ஆங்கிலப் பிரசங்கங்களில் பாதி அந்த வழியில் வருகிறவை. அவர்கள் காட்டுகிற வசனங்கள் இருக்கத்தான் செய்கின்றன. 24ஆம் வசனம் "எந்தக் காரியத்திலேயும்" என்கிறது. தீமோத்தேயுவில் "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்றிருக்கிறது. பவுலை எங்கள் காலத்து ஆளாக்க நான் ஆசைப்படவில்லை. அவர் அவருடைய காலத்து ஆள். கணவன் மனைவி, தகப்பன் பிள்ளை, எஜமான் அடிமை என்று மூன்று சோடியாக வீட்டைப் பிரிப்பது அரிஸ்டாட்டில் காலத்திலேயே இருந்த பழக்கம், எபேசியரிலும் அதே மூன்று சோடிதான். மூன்றாவது சோடிக்கு நம் மொழிபெயர்ப்பு "வேலைக்காரரே" என்று போட்டிருக்கிறது. மூலத்தில் இருக்கிற சொல் அடிமைகள். அடிமைகளே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று இன்றைக்குக் கொழும்பில் எந்தப் பிரசங்கியாரும் குடும்ப ஞாயிறில் பேசுவதில்லை. முதல் சோடி மட்டும் எப்படி அப்படியே உறைந்து நின்றது என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்பார்கள். என்ன வேறு என்று எனக்கு இன்னும் யாரும் விளங்கப்படுத்தவில்லை.

வசனங்களை எண்ணிப் பாருங்கள். மனைவிமாருக்கு மூன்று வசனம். கணவன்மாருக்கு 25இலிருந்து கடைசி வரை. அதில் கிறிஸ்து சபைக்குச் செய்வதாகச் சொல்லப்படுகிற வேலைகள் என்ன? தண்ணீரால் கழுவுகிறார். கறையும் திரையும் இல்லாமல் ஆக்குகிறார். திரை என்றால் சுருக்கம், அதாவது துவைத்து மடிப்பெடுக்கிறார். போஷித்துக் காப்பாற்றுகிறார். குளிப்பாட்டு, உடுப்புத் தோய்ப்பு, சாப்பாடு. இந்தப் பட்டியலை எந்த வீட்டுக் குசினிக் கதவில் ஒட்டினாலும் யாருடைய வேலை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கணவன் அப்படி இருக்க வேண்டும் என்கிறது வேதம். எங்கள் சபையில் நாற்பது நிமிடத்தில் இந்தப் பகுதிக்குக் கிடைத்தது கடைசி ஆறு நிமிடம். அதிலும் ஒரு ரயில் போனது.

அந்த ஆறு நிமிடத்தின் விலை சில வேளை பெரியது. 2009 என்று நினைவு. வேறொரு சபையில், எனக்குத் தெரிந்த ஒரு பெண் கூடவரச் சொன்னதால் மூப்பர் ஒருவரின் அறையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் இடது கைச் சுண்டுவிரல் கட்டுப் போட்டிருந்தது. மூப்பர் முழுதும் கேட்டார், நல்ல மனிதர், கண்ணும் கலங்கினார். பிறகு வேதாகமத்தைத் திறந்து 22ஐ வாசித்தார். "அடங்கிப்போம் பிள்ளை, அவர் திருந்துவார்" என்றார். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நாட்டில் 2005இலேயே வந்துவிட்டது. அதை அந்த அறையில் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சொல்லாததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. 25ஆம் வசனத்தை மீறினதுக்காக ஒரு கணவனைச் சபை கூப்பிட்டு விசாரித்ததை இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் காணவில்லை.

சபைப் பணியில் பெண்களுக்கு இடம் உண்டா என்கிற கேள்வி வேறொரு பெரிய கதை, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை 1994இல் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று கதவைச் சாத்தியது. ஆனால் அதே திருத்தந்தை, இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 1988இல் எழுதிய மடலில் இந்த எபேசியர் பகுதியை எடுத்து, கீழ்ப்படிதல் மனைவிக்கு மட்டும் இல்லை, இருவருக்கும் பரஸ்பரம் என்று எழுதினார். எங்கள் அம்மாவின் விரல் நின்ற அதே இடம். அங்கிலிக்கன் இலங்கைத் திருச்சபையில் 2006இல் பெண்கள் குருக்களானார்கள். யாழ்ப்பாணத்திலும் ஆதீனம் வைத்திருக்கிற தென்னிந்தியத் திருச்சபை 2013இல் ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது. எங்கள் சபையில் பெண்கள் வருடத்தில் ஒருநாள், மாதர் ஞாயிறில், பிரசங்கிக்கலாம். மிச்ச ஞாயிறுகளில் கட்லட்டும் பற்றிஸும். ரோமர் 16இல் பவுல் பெயர் சொல்லிப் பாராட்டுகிற ஊழியக்காரப் பெண்களான பெபேயாளும் யூனியாவும் எங்கள் சபைக்கு வந்தால் முதலில் குசினிப் பக்கம்தான் கை காட்டுவார்கள்.

சரி, இந்த வருடத்துக் கதை ஒன்றோடு விடுகிறேன்.

அப்பாவின் முதுசக் காணி ஊரில் இரண்டு பரப்பு இருந்தது. வயதாகிவிட்டது, யாரும் போய்ப் பார்ப்பதில்லை, விற்றுவிடலாம் என்று முடிவானது. மறுபடியும் புதுக்கடை. பழைய நொத்தாரிசு காலமாகிவிட்டார், அவருடைய இடத்தில் இப்போது ஒரு பெண் சட்டத்தரணி, என் வயதுதான் இருக்கும். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டத்தரணி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அம்மா வரவேண்டிய தேவை இல்லையே. ஐயாவின் முதுசம், ஐயாவின் ஒப்பம் மட்டும் காணும்" என்றார் மரியாதையாக.

"தெரியும்" என்றார் அம்மா. தெரியாமல் இருக்குமா?

"அவ வாசிக்கட்டும்" என்றார் அப்பா.

உறுதியின் நகலை அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டார். வழக்கம்போல விரல் முதலாம் வரியிலிருந்து மெல்ல ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. வெளியே அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள். சட்டத்தரணி ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். எல்லைகள் எழுதியிருக்கிற இடத்தில் விரல் நின்றது.

"கிழக்கெல்லை பிழை" என்றார் அம்மா. "ஒழுங்கை இல்லை அது. ஒழுங்கை வடக்கால. கிழக்கால இவரின்ர மச்சாளின்ர காணி, நடுவில ஒரு பூவரசு நிண்டது."

அப்பா யோசித்தார். "ஓம்" என்றார். "நான் மறந்திட்டன்."

பழைய உறுதியை எடுத்துப் பார்த்தார்கள். அம்மா சொன்னதுதான். தட்டெழுதுகிற பிள்ளை திருத்திக் கொண்டுவர இன்னும் கால் மணித்தியாலம். திருத்தினதையும் அம்மா முதலிலிருந்து வாசித்தார். பிறகு தாளை அப்பா பக்கம் திருப்பி, கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"இதில வையுங்கோ."

அப்பா வைத்தார்.